மடிப்பு மிதிவண்டியில் செயின் உரசும் ஓசை: எண்ணெய் விட்டும் தீரவில்லை

காலாங்_கரை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 20 அங்குலச் சக்கரங்கள் கொண்ட மடிப்பு மிதிவண்டி. முன்புறம் 52 பற்கள் கொண்ட ஒரே பல்சக்கரம். செயின் நழுவாமல் இருக்க அதன் உள்ளும் புறமும் வளையத் தகடுகள் உள்ளன. பின்புறம் 11 பல் முதல் 32 பல் வரை 8 கியர்கள். காலையில் இங்கே சிங்கப்பூரில் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டிச் சென்று, நிலையத்தில் வண்டியை மடித்து எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலில் ஏற்றி, இறங்குமிடத்தில் விரித்து அலுவலகம் வரை ஓட்டுவது என் வழக்கம்.

சில வாரங்களாகச் செயின் எதன்மீதோ உரசுவது போன்ற ஓசை வருகிறது. அருகிலுள்ள கடையில் காட்டியபோது செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள். அன்று மாலை சற்றுக் குறைந்தது போலத் தோன்றிய ஓசை, மறுநாள் பழையபடியே திரும்பிவிட்டது. வண்டியை நாள்தோறும் நம்பியிருப்பவன் என்பதால், பெரிய பழுதுக்கு இது முன்னறிகுறியோ என்ற கவலை இருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிடோக்_மிதிவண்டி

கடையில் எந்த எண்ணெய் விட்டார்கள் என்று பாருங்கள். நான் கிழக்குக் கடற்கரைப் பூங்கா வழியாக ஓட்டுபவன். உப்புக் காற்றும் மழையும் சேர்ந்து செயினை எவ்வளவு விரைவில் வறளச் செய்கின்றன என்பதை அறிவேன். டபிள்யூடி-40 போன்ற தெளிப்பான்கள் ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லவை என்றாலும், செயினுக்குள் நீண்ட நாள் தங்கி மசகாக உழைக்கும் தடிமன் அவற்றுக்கு இல்லை. செயினுக்கென்றே விற்கப்படும் எண்ணெயை, செயினின் உட்பக்கமாக உருளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வெளிப்புறம் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். வெளியே மினுமினுக்கும் எண்ணெய் எதற்கும் பயன்படாது. மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

செயினை ஒரு பின் பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் கியர்மாற்றியில், செயின் ஓடும் இரண்டு சிறு ஜாக்கி சக்கரங்களையும் பாருங்கள். அவற்றின் பற்களில் கறுப்புக் களிம்பு கெட்டியாகப் படிந்திருந்தால், புதிய எண்ணெய் ஊற்றுவதால் ஒரு பயனும் இராது.

திருப்புளி

மேலே நண்பர் எழுதியவை எல்லாம் சரியானவை. ஆனால் எண்ணெயிட்ட மறுநாளே திரும்பி வரும் ஓசைக்கு, பெரும்பாலும் வறட்சி காரணமாக இருப்பதில்லை. தேடத் தொடங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: ஓசை எந்தத் தாளத்தில் வருகிறது என்பதைக் கேட்டுச் சொல்லுங்கள். பாதிக் காரணத்தை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பெடல் ஒரு முழுச் சுற்று வரும்போது சரியாக ஒரு முறை மட்டும் ஓசை எழுமானால், குறை முன்பக்கம் இருக்கிறது. கோணிய பல்சக்கரம், வளைந்த வளையத் தகடு, தளர்ந்த கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), பெடலின் பேரிங் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எழுமானால், செயினிலேயே ஒரு கண்ணி இறுகி நிற்கிறது. 52 பற்களும் 104 கண்ணிகளும் இருக்கும் வண்டியில், குறிப்பிட்ட ஒரு கண்ணி அதே இடத்துக்குத் திரும்ப வர முன் பல்சக்கரம் துல்லியமாக இரண்டு முறை சுற்ற வேண்டும் என்பதே இதற்குக் காரணம். உங்கள் செயினில் கண்ணிகள் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். ஆயினும் தாளம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். இடைவெளியே இல்லாமல் தொடர்ச்சியாக, ஆனால் சில கியர்களில் மட்டும் வருமானால், செயின் பக்கத்துப் பல்சக்கரத்தின்மீது உரசுகிறது என்று பொருள். எல்லாக் கியர்களிலும் ஒரே சீராகக் கேட்குமானால் மட்டுமே வறட்சியையும் அழுக்கையும் முதலில் ஐயப்பட வேண்டும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மடிப்பு வண்டியில் செயினின் ஓசை இயல்பாகவே சற்றுக் கூடுதலாகக் கேட்கும். சக்கரம் சிறியது என்பதால் முன் பல்சக்கரத்தைப் பெரிதாக வைக்கிறார்கள். நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால், 36 பல் கொண்ட பெரிய வண்டியில் 2520 கண்ணிகள் ஓடும் நேரத்தில், 52 பல் கொண்ட உங்கள் வண்டியில் 3640 கண்ணிகள் ஓடியாக வேண்டும். பின்னால் 11 பல் சக்கரத்தில் ஓட்டும்போது ஒவ்வொரு கண்ணியும் ஏறத்தாழ 33 பாகை வளைகிறது. 32 பல்லில் அது 11 பாகைதான். ஆகவே மிகச் சிறிய பல்சக்கரத்தில் மெல்லிய இரைச்சல் இருப்பது குறையாகாது. உரசல் வேறு, இரைச்சல் வேறு.

காலாங்_கரை

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஓட்டிக் கேட்டேன். இரண்டு வகை ஓசைகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. முதலாவது, பின்னால் உள்ள பெரிய மூன்று பல்சக்கரங்களில் ஓட்டும்போது இடைவிடாமல் வரும் உரசல். சிறிய பல்சக்கரங்களில் அது அறவே இல்லை. இரண்டாவது, மிகப் பெரிய பல்சக்கரத்தில் மட்டும், பெடல் சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’ என்று கேட்கும் உலோக ஓசை.

எனக்குப் புரியாத ஒன்றும் உண்டு. வீட்டில் கேபிளைச் சிறிது திருகிச் சரிசெய்து புறப்பட்டால் நிலையம் வரை உரசல் பெரிதும் குறைந்திருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கி வண்டியை விரித்ததும் மீண்டும் தொடங்கிவிடுகிறது. இடையில் நான் எதையும் தொடுவதில்லை.

திருப்புளி

நீங்கள் இறுதியில் எழுதிய செய்திதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஓட்டும்போது மாறாத ஒன்று மடித்து விரித்தபின் மாறுகிறது என்றால், காரணத்தை மடிப்பில்தான் தேட வேண்டும். மடிப்பு வண்டிகளைப் பழுதுபார்ப்பவர்கள் பலர் அதை ஒரு சாதாரண மிதிவண்டியாகவே கருதி, செயினையும் எண்ணெயையும் மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இந்த வண்டி நாள்தோறும் நடுவில் பிளந்து சேர்கிறது. அதன் கேபிள்கள் நாள்தோறும் வளைந்து நிமிர்கின்றன. அதன் கியர்மாற்றி நாள்தோறும் எதன்மீதாவது மோதுகிறது.

முதலில் பாதுகாப்பு. சரிபார்த்து முடிக்கும்வரை 32 பல் சக்கரத்துக்கு மாற்றாதீர்கள். கியர்மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் உட்பக்கமாக வளைந்திருந்தால், அந்தக் கியரில் கியர்மாற்றியின் கூண்டு சக்கரத்தின் கம்பிகளுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படிச் சிக்கினால் கியர்மாற்றி, ஹேங்கர், கம்பிகள் அனைத்தும் ஒரே நொடியில் போய்விடும், ஓட்டுபவரும் விழக்கூடும்.

இப்போது ஹேங்கரைப் பாருங்கள். நடுவில் மடியும் வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரம் இடப்பக்கமாக வந்து சேர்கிறது. வலப்பக்கத்தில் உள்ள கியர்மாற்றி மறைப்பின்றி வெளியே நிற்கிறது. ரயிலில் மற்றவர்களின் பைகள், கதவோரத் தூண், மின்தூக்கியின் சுவர் என்று எல்லாம் அதன்மீதுதான் இடிக்கின்றன. வண்டியின் பின்னால் குனிந்து, கண்ணைப் பல்சக்கரங்களின் உயரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டு ஜாக்கி சக்கரங்களையும் இணைக்கும் கோடு, பல்சக்கரங்களுக்கு இணையாகச் செங்குத்தாக இறங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் கம்பிகளின் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துள்ளது. அப்படி வளைந்திருக்கும்போது ஒரு கோடியில் உள்ள கியர்களைச் சரிசெய்தால் மறு கோடியில் உள்ளவை கெடும். சிறிய பல்சக்கரங்களில் அமைதியும் பெரியவற்றில் உரசலும் உங்களுக்கு இருப்பது அதனோடு பொருந்துகிறது.

கண்ணளவு போதாது என்றால் ஒரு பழைய உத்தி உண்டு. ஹேங்கரின் துளையில் 10 மி.மீ. குறுக்களவும் 1 மி.மீ. புரியிடைவெளியும் கொண்ட மரை இருக்கும். விரைவு நெம்புகோல் கொண்ட பின்சக்கர அச்சுகள் பலவற்றில் அதே மரை உண்டு. கியர்மாற்றியைக் கழற்றிவிட்டு அத்தகைய பழைய அச்சு ஒன்றை அங்கே திருகினால், அது வண்டியின் பின்சக்கர அச்சுக்கு எல்லாப் பக்கமும் இணையாக நீள வேண்டும். நட்டு போட்டு இறுக்கும் மலிவான அச்சுகளில் 3/8 அங்குல மரை இருக்கும். அதை இதற்குப் பயன்படுத்தி ஹேங்கரின் மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது கேபிள். வண்டியை மெதுவாக மடித்து, நடுக்கீல் அருகே கியர் கேபிளின் உறை எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். உறை குட்டையாக இருந்தால் மடிக்கும்போது இழுபட்டு, அதன் முனைக் குப்பி சட்டத்தில் உள்ள தாங்கியிலிருந்து சற்று வெளியே வந்துவிடும். விரிக்கும்போது அது சரியாக உள்ளே போய் அமராமல் விளிம்பில் நின்றுவிட்டால், ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு ஏற்பட்டு, கியர்மாற்றி தன் இடத்திலிருந்து விலகி நிற்கும். காலையில் சரியாக இருந்தது ரயிலுக்குப்பின் கெடுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

மேடவாக்கம்_சைக்கிள்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இப்படிப்பட்ட ஓசைக்குச் செயினில் இரண்டு கண்ணிகளை எடுத்துவிடுவார். செயின் நாளாக ஆக நீண்டுவிடுகிறது, தொய்வினால்தான் உரசுகிறது என்பது அவருடைய கருத்து. மடிப்பு வண்டிகளில் செயின் தொங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். இதையும் முயன்று பார்க்கலாம் அல்லவா?

திருப்புளி

நண்பரே, கியர் இல்லாத வண்டியில் அது ஓரளவு பொருந்தும். அங்கே செயினின் தொய்வை ஏற்றுக்கொள்ள வேறு உறுப்பு கிடையாது. கியர்மாற்றி உள்ள வண்டியில் தொய்வை ஏற்பது கியர்மாற்றியின் சுருள்வில். அங்கே இரண்டு கண்ணிகளை எடுத்துவிட்டால், மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாறும்போது செயின் போதாமல் கியர்மாற்றி முழுவதும் முன்னோக்கி இழுபட்டு முறியக்கூடும். செயினைக் கியர்மாற்றிக்குள் நுழைக்காமல் முன் பல்சக்கரத்தையும் பின்னுள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றிப் பிடித்து, அதற்குமேல் இரண்டு கண்ணிகள் சேர்த்து அளவெடுப்பதே பொதுவாகப் பின்பற்றப்படும் முறை. அந்த அளவிலிருந்து குறைப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

செயின் நீள்கிறது என்பதும் தகடுகள் இழுபட்டு நீள்வதல்ல. ஒவ்வொரு ஊசியும் அது சுழலும் துளையும் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி சிறிது சிறிதாகக் கூடுகிறது. இதை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். செயினைச் சற்று இறுக்கிப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து, அதற்கு அடுத்ததை ஒன்று என எண்ணி வரும் 24ஆவது ஊசியின் நடுவரை இரும்பு அளவுகோலால் அளந்தால் போதும். 306.4 மி.மீ. வந்துவிட்டால் செயினை மாற்றும் வேளை. 308 மி.மீ. வரை விட்டுவைத்தால் பின் பல்சக்கரங்களும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். அப்போது புதிய செயின் பழைய பற்களின்மீது வழுக்கும். தேய்ந்த செயினைக் குட்டையாக்கினால் கிடைப்பது குட்டையான தேய்ந்த செயின்.

புங்கோல்_பயணி

மடிப்பு வண்டிகளில் பின்பக்கம் குட்டையாக இருப்பதால் செயின் கூடுதலாகச் சாய்கிறது, அதனால் உரசலைத் தவிர்க்கவே முடியாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இந்த முயற்சிகள் எல்லாம் ஓரளவுக்குத்தானே பயன்படும்?

பொறியாளர்_செங்காங்

இந்தக் கருத்து அடிக்கடி சொல்லப்படுவதால் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 8 கியர் தொகுப்பில் அடுத்தடுத்த பல்சக்கரங்களின் இடைவெளி 4.8 மி.மீ.; முதலாவதற்கும் எட்டாவதற்கும் இடையே 33.6 மி.மீ. முன் பல்சக்கரம் இதன் நடுவுக்கு நேராக இருப்பதாகக் கொண்டால், செயின் ஒரு பக்கம் அதிகபட்சம் 16.8 மி.மீ. விலகும். பெடல்கள் சுழலும் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான தொலைவு 440 மி.மீ. என்றால் சாய்வு ஏறத்தாழ 2.2 பாகை, 400 மி.மீ. என்றால் 2.4 பாகை. வேறுபாடு பாகையில் ஐந்தில் ஒரு பங்குதான். நல்ல நிலையில் உள்ள செயின் இதைப் பொருட்படுத்தாது.

முன் பல்சக்கரம் நடுவிலிருந்து விலகி இருந்தால்தான் நிலைமை மாறும். பாட்டம் பிராக்கெட்டை (சட்டத்தில் பெடல்களின் அச்சைத் தாங்கும் பகுதியை) மாற்றும்போது அச்சின் நீளம் சில மில்லிமீட்டர் கூடிவிட்டாலும் செயின் கோடு வெளியே தள்ளப்படும். திரு. காலாங்_கரை அவர்கள் அந்தப் பகுதியில் எதையும் மாற்றவில்லை என்றால் இதைப் பற்றி எண்ண வேண்டியதில்லை.

பெடல் சுற்றுக்கு ஒரு முறை வரும் அந்த ‘டிக்’ ஓசை பற்றி ஒரு சொல். மிகப் பெரிய பின் பல்சக்கரத்தில் ஓடும்போது செயின் உட்பக்கமாகச் சாய்கிறது. ஆகவே முன்புறத்தின் உள் வளையத் தகட்டுக்கு மிக நெருக்கமாகச் செல்கிறது. அந்தத் தகடு ஓர் இடத்தில் மட்டும் வளைந்திருந்தால், அந்த இடம் செயினைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு முறை தட்டும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் மெல்லச் சுற்றி, தகட்டுக்கும் செயினுக்கும் இடையே தெரியும் வெளிச்சம் எங்கே மறைகிறது என்று பாருங்கள். இதற்காக 32 பல் கியருக்கு மாற்றும்போது, கியர்மாற்றி கம்பிகளைத் தொடவில்லை என்பதை ஒவ்வொரு கணமும் கவனித்துக்கொள்ளுங்கள். மடித்த வண்டியைத் தரையில் வைக்கும்போது அதன் எடை எதன்மீது இறங்குகிறது என்பதையும் பாருங்கள். தாங்குதண்டு இல்லாத வண்டிகளில் அந்த எடை வளையத் தகட்டின்மீதே இறங்குவது உண்டு.

காலாங்_கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. காரணம் ஒன்றல்ல, மூன்றும் சேர்ந்தே இருந்தன என்பதை வரிசையாக எழுதுகிறேன். இதே தொல்லை உள்ளவர்களுக்கு உதவும்.

கேபிள் உறை திருப்புளி ஐயா சொன்னது போலவே மடிக்கும்போது இழுபட்டது. விரித்தபின் அதன் முனைக் குப்பி தாங்கியின் விளிம்பில் கோணலாக நின்றதைக் கண்ணாலேயே கண்டேன். பழைய உறையை எடுத்துவிட்டு, கீலின் அருகே தாராளமாக வளைய இடம் தரும் அளவுக்கு நீளமான உறையும் புதிய உட்கம்பியும் பொருத்தினோம். கடைக்காரர் முதலில் எடுத்தது பிரேக் உறை. கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் அது அழுத்தத்தில் சுருங்காது, பிரேக் உறை சுருள் கம்பியால் ஆனது, கியருக்கு அது பொருந்தாது என்று அவரே பிறகு விளக்கி மாற்றிக் கொடுத்தார்.

ஹேங்கர் உட்பக்கமாக வளைந்திருந்தது. என்னிடம் பழைய அச்சு இல்லாததால், ஹேங்கர் நிமிர்த்தும் அளவுகோல் உள்ள வேறு கடையைத் தேடிச் சென்றேன். அதன் நீண்ட கரத்தை ஹேங்கரில் திருகி, சக்கர விளிம்பின் நான்கு பக்கங்களிலும் இடைவெளியை ஒப்பிட்டு நிமிர்த்தினார்கள். அலுமினியம் பலமுறை வளைந்து நிமிர்ந்தால் முறிந்துவிடும் என்றும், இன்னொரு முறை வளைந்தால் மாற்றிவிடுவதே நல்லது என்றும் எச்சரித்தார்கள். என் வண்டியில் ஹேங்கர் தனியாகக் கழற்றக்கூடியது என்பதால் மாற்று ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன்.

உள் வளையத் தகடு ஓர் இடத்தில் உட்புறமிருந்து அழுந்தியிருந்தது. துணி சுற்றிய ஸ்பேனரால் மெல்ல நிமிர்த்தியதும் ‘டிக்’ ஓசை நின்றுவிட்டது. செயினையும் அளந்தேன், 305.5 மி.மீ. இருந்தது, இன்னும் சில காலம் ஓடும்.

திருப்புளி

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஹேங்கரை நிமிர்த்தியபின் கியர்மாற்றி கம்பிகளின் பக்கம் எவ்வளவு நகரலாம் என்பதை வரையறுக்கும், ‘எல்’ என்று குறித்த எல்லைத் திருகைக் கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும். முன்பு வளைந்த நிலைக்கு ஏற்ப அது வைக்கப்பட்டிருக்கலாம். மிகப் பெரிய பல்சக்கரத்தில் வைத்து, கியர்மாற்றியை விரலால் உட்பக்கம் தள்ளிப் பாருங்கள். அது கம்பிகளைத் தொடக் கூடாது. மேல் ஜாக்கி சக்கரத்துக்கும் 32 பல் சக்கரத்துக்கும் இடையே 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. அது ‘பி’ திருகின் வேலை. பிறகு எஞ்சிய நுண் திருத்தத்தைக் கேபிள் முனையில் உள்ள திருகு உருளையால் கால் சுற்றாகச் செய்யுங்கள். வெளியே வரும்படி திருகினால் கேபிள் இறுகி, செயின் பெரிய பல்சக்கரத்தை நோக்கி நகரும். உள்ளே போகும்படி திருகினால் மறுபக்கம் நகரும். திருத்தி முடித்ததும் வண்டியை ஒரு முறை மடித்து விரித்து, அதன்பிறகு எல்லாக் கியர்களையும் மீண்டும் கேட்டுப் பாருங்கள். மடிப்பு வண்டியில் அந்தச் சோதனைக்குப் பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

பிடோக்_மிதிவண்டி

ஒரு கேள்வி. நான் பிராம்டன் என்னும் மடிப்பு வண்டியை வாங்க எண்ணியிருக்கிறேன். அதில் பின்சக்கரமே அடியில் மடிந்து போகிறதே, அங்கேயும் இதே சிக்கல்கள் வருமா?

திருப்புளி

அதன் அமைப்பு வேறு. பின் சட்டம் அடியில் சுழன்று மடியும்போது தளரும் செயினை, இரண்டு சிறு சக்கரங்கள் கொண்ட இழுவை உறுப்பு தாங்கிக்கொள்கிறது. மடித்த நிலையில் செயின் வண்டியின் உள்ளே மறைந்துவிடுவதால் இடிபடுவதும் குறைவு. மூன்று கியர் வகையில் கியர்கள் பின்சக்கர மையத்துக்குள் இருப்பதால், பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசும் பேச்சே இல்லை. ஆனால் அந்த இழுவை உறுப்பின் சக்கரங்களில் அழுக்குப் படிந்தால் ஓசை வரும். அது தரைக்கு அருகில் இருப்பதால் மழைக்குப்பின் துடைப்பது அவசியம். மூன்று கியர் கேபிளின் இறுக்கம் தவறினால் வருவது உரசல் அல்ல. கியர் நழுவி, பெடல் திடீரென வெறுமையாகச் சுற்றும். அதை உடனே கவனிக்க வேண்டும்.

காலாங்_கரை

இறுதியாக ஒரு தகவல், ரயிலில் கொண்டுசெல்பவர்களுக்காக. மடித்த அளவு 120, 70, 40 செ.மீ. ஆகியவற்றைத் தாண்டக் கூடாது என்பதும், நிலையத்துக்குள்ளும் ரயிலுக்குள்ளும் வண்டி மடித்தே இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே கியர்மாற்றிக்கு இடிபடும் நேரம் நீளமானது. இப்போது நான் வண்டியின் வலப்பக்கம் என் கால்களை நோக்கி இருக்கும்படி நிறுத்தி, மடிக்கும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுகிறேன். அந்த நிலையில் கேபிளும் தளர்ந்திருக்கிறது, கியர்மாற்றியின் சுருள்வில்லும் ஓய்வாக இருக்கிறது. ஆனால் அந்தக் கியரில் கியர்மாற்றி மிக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது; அது சரிதானா?

திருப்புளி

நியாயமான ஐயம். வண்டியைக் கால்களை ஒட்டிப் பிடித்து நிற்பவர்களுக்கு உங்கள் முறையே நல்லது. கூட்டத்தில் சுவரோரம் சாய்த்து வைக்க நேர்ந்தால், நடுவிலுள்ள நான்காவது அல்லது ஐந்தாவது கியருக்கு மாற்றிவிடுங்கள். கியர்மாற்றி சட்டத்தின் பக்கமாக உள்வாங்கிக்கொள்ளும், புதிய உறை நீளமாக இருப்பதால் கேபிள் இறுகுவதைப் பற்றி இனிக் கவலை வேண்டியதில்லை.